எண்ணெயும் ஈரமும்

முழு வான்கோழி ஒன்றைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கிப் பொரித்தெடுக்கும் விதம் பற்றி இவ்வாரம் எழுதப் புகுந்தோம். மரக்கறி உணவையே உண்டு வளர்ந்த எமக்கு அவ்வூனின் சுவை தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. அங்ஙனமாயின் ஆசிரியருக்கு இதில் என்ன அலுவல் என வாசக அன்பர்கள் வினவுதல் நியாயமே. எமது வகுப்பிலிருந்து பௌதிகம் கற்ற மாணவன் ஒருவன், அமெரிக்க நாட்டிலே அப்பறவையைப் பொரிக்கப் போய்த் தன் வலக்கையைச் சுட்டுக்கொண்டான். அவனுடைய ஆறு வயது மகன் மயிரிழையில் தப்பினான். அவ்விபத்தில் எமக்கும் ஒரு பங்குண்டு என்பதை உணர்ந்த நாள்முதல் இதனை எழுதவேண்டுமென்று எண்ணியிருந்தோம். தீபாவளிப் பலகாரத்துக்காக வீடுதோறும் தாச்சி அடுப்பேறும் காலத்துக்கு முன் இதனைச் சொல்லிவிடுதல் நன்று.

முதலில் அத்திருநாளைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை ‘தாங்ஸ்கிவிங்’ எனப்படும் நன்றி நவிலும் நாளாகும். 1621ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இங்கிலாந்திலிருந்து சென்று பிளிமத் என்னுமிடத்திற் குடியேறியோர், தமது முதல் அறுவடையை முன்னிட்டு மூன்று நாள் விருந்தயர்ந்தனர். அந்நிலத்துக்குரியவரான வாம்பனோக் மக்கள் தொண்ணூறு பேரளவில் தம் தலைவர் மசசோயிற்றுடன் வந்து அதிற் கலந்துகொண்டனர். ஐந்து மான்களையும் அவர்கள் விருந்துக்குக் கொடுத்தனர். பின்னர் 1863இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையிலே, ஜனாதிபதி ஏபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நாடு முழுமைக்குமுரிய நன்றி நாளாகப் பிரகடனஞ் செய்தார். 1941இல் அந்நாட்டுக் காங்கிரஸ் அதனை நான்காம் வியாழன் எனச் சட்டத்தால் வரையறுத்தது. தூர தேசங்களிலே தொழில் புரியும் பிள்ளைகள் அன்று பெற்றோர் இல்லத்தை நாடி வருவர். நமக்குத் தைப்பொங்கல் எத்தகையதோ அவர்களுக்கு அந்நாள் அத்தகையது எனலாம்.

அவ்விருந்தின் நடுநாயகம் வான்கோழி. நம் மாணவர்கள் மூதுரையிலே பெயரளவில் அறிந்த இப்பறவை, அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடிகளாலே கொலம்பசின் காலத்துக்கு நெடுங்காலம் முன்னரே வீட்டில் வளர்க்கப்பட்டது. வழக்கமாக அதனைப் போறணையில் வைத்து வாட்டுவர். 12 இறாத்தல், அஃதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ நிறையுள்ள பறவை வேகுவதற்கு மூன்று மணித்தியாலம் வரை செல்லும். கால்கள் வேகுமுன் நெஞ்சிறைச்சி காய்ந்துபோதல் அதிலுள்ள குறை. அதே பறவையை 350 பாகை பரனைற், அஃதாவது ஏறத்தாழ 177 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெயில் இட்டால், இறாத்தலுக்கு மூன்றரை நிமிடமாக நாற்பத்திரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரஞ் செறிந்தும் இருக்குமாம்.

இம்முறை லூசியானா மாநிலத்திலிருந்து வந்தது. அங்கு வாழும் கேஜன் மக்களின் முன்னோர், இன்று கனடாவின் பகுதியாயுள்ள நோவா ஸ்கோஷியாவிற் குடியிருந்த பிரெஞ்சு மொழியினர். 1755ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கிலேய ஆட்சியினர் அவர்களை ஊரோடு பெயர்த்து வெளியேற்றினர். பல ஆண்டு அலைந்த பின்னர் அவர்களிற் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களிற் குடியமர்ந்தனர். வெப்பமிகுந்த அந்நாட்டிலே முற்றத்திற் பெரிய பானை வைத்து, நண்டு சிங்கி முதலியவற்றை அவித்து, ஊர்கூடி உண்ணும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. அப்பானையும் அவ்வடுப்புமே வான்கோழி பொரிப்பதற்கும் உதவின. 1990களில் இப்பழக்கம் நாடு முழுவதும் பரவியது. அதற்கென ஆக்கிய பானையும், மூன்று கால் அடுப்பும், புரொப்பேன் வாயு உருளையும் கடைகள்தோறும் விற்பனைக்கு வந்தன. பழக்கம் பரவிய வேகத்தில் அதற்குரிய பக்குவம் பரவவில்லை.

எமது மாணவன் வாழ்வது லூசியானாவுக்கு அண்மையிலுள்ள ஹூஸ்ரன் நகரத்தில். பொறியியற் கல்வியில் உயர்பட்டம் பெற்று நல்ல பதவியில் இருக்கிறான். 2022ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி, நன்றி நாளன்று, உடன் பணிபுரிவோரையும் அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் இரண்டையும் விருந்துக்கு அழைத்திருந்தான். வந்த நாட்டின் வழக்கத்தைத் தானும் முறையாகச் செய்து காட்டவேண்டுமென்பது அவனுடைய ஆசை. முதல்நாள் மாலையிற்றான் பறவையை வாங்கினான். 14 இறாத்தல் நிறையுள்ள அது பனிக்கட்டிபோல் உறைந்திருந்தது. இரவு முழுவதும் வெளியில் வைத்தான். காலையில் தொட்டுப் பார்த்தபோது மேற்புறம் மென்மையாயிருந்தது. ஆகவே உறைவு நீங்கிற்றென்று நம்பினான்.

வீட்டின் பின்புறத்தில், மரவேலிக்கு அருகே, அடுப்பை வைத்தான். பானையின் கழுத்தளவுக்கு நிலக்கடலை எண்ணெயை, நம் ஊர் வழக்கிற் சொன்னால் கச்சான் எண்ணெயை, வார்த்தான். எண்ணெய் உரிய வெப்பம் அடைந்ததும், கீழே தீ எரிந்துகொண்டிருக்கும்போதே, பறவையைக் கொழுவியில் தூக்கி உள்ளே இறக்கினான். விருந்தினர் அதனைக் கைபேசிகளிற் படம் பிடித்தனராம். சிறுவன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துவந்து பானைக்கு அண்மையிற் போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.

அவ்வேளை, யாழ்ப்பாணத்திலிருந்து மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகச் சென்றிருந்த அவனுடைய மாமியார், பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். “எண்ணெய் கொதிக்கிற இடத்திலை பிள்ளைக்கு என்ன அலுவல்? இறங்கி உள்ளுக்கு வா ராசா” என்று சொல்லிப் பேரனின் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். மாணவனுக்கு அது சற்று வெட்கமாகவும் இருந்ததாம். வந்தவர்கள் முன்னிலையில் மாமியார் ஊர்வழக்கம் பேசுகிறாரே என்று எண்ணினானாம்.

கதவு சாத்தப்பட்டது. பறவை பாதியளவே எண்ணெயில் அமிழ்ந்திருந்தது. எண்ணெய் ஒருமுறை உறுமிற்று. அடுத்த கணம் பால் பொங்குமாப்போல் எழுந்து, பானையின் நாற்புறமும் வழிந்து, கீழே எரிந்த தீயிற் பட்டது. வேலியின் உயரத்துக்கு மேலாகச் சுவாலை கிளம்பியது. பிளாஸ்ரிக் கதிரை உருகி உருவழிந்தது. நண்பரொருவர் தோட்டத்துக்கு நீர் விடும் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேலிக்கு அப்பாலிருந்து “தண்ணீர் வேண்டாம்” என்று கத்திக்கொண்டு அயல்வீட்டு முதியவர் வந்தார். அவர் லூசியானாவிற் பிறந்து வளர்ந்தவர். வாயு உருளை பானைக்குத் தூரத்தில் இருந்தமையால் அதனை அணுகி வாயிலை அடைத்தார். தம் வீட்டிலிருந்த உலர்தூள் தீயணைப்புக் கருவியால் நெருப்பை அணைத்தார். பின்னர் மாணவனின் வெந்த கையைக் குழாய்நீரின் கீழ் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலி கருகியது, புல் எரிந்தது, முழங்கை தொட்டு மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. அவ்வளவுடன் போயிற்று. சிறுவன் நின்ற இடத்திற் கதிரை கிடந்த நிலையை மாணவன் எமக்குப் படமாக அனுப்பியிருந்தான். அதனை இரண்டாம் முறை பார்க்க எமக்கு மனம் வரவில்லை.

சில நாட்களின் பின் தொலைபேசியிற் பேசினான். அவன் கூறிய வார்த்தையை அவ்வாறே தருகின்றோம்: “சேர், நீங்கள் தந்த மறைவெப்பக் கணக்கிலை ஒண்டும் நான் பிழைவிட்டதில்லை. ஆனால் அந்தக் கணக்கிலை இருந்த தண்ணீர்தான் இந்தத் தண்ணீர் எண்டு எனக்குத் தெரியேல்லை.”

அவன் கூறியது உண்மை. வகுப்பிலே அவன் முதல் வரிசை மாணவன். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2260 யூல் வெப்பம் வேண்டுமென்பது அவனுக்கு மனப்பாடம். ஆவியாகும்போது நீரின் கனவளவு ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு மடங்காகின்றது என்பதும் அவன் அறிந்ததே. அக்கணக்குகளையெல்லாம் யாம் கரும்பலகையிற் செய்வித்தோம். முகவையும் வெப்பமானியும் வைத்துச் செய்வித்தோம். ஒருநாளேனும் “உங்கள் வீட்டுத் தாச்சியைப் பாருங்கள்” என்று கூறினோமில்லை. அவ்விபத்தில் எமக்குள்ள பங்கு அதுவே.

கூறாது விட்டதை இப்பொழுது கூறுவோம். மாணவர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்க.

ஒரு மேசைக்கரண்டி நீர் ஏறத்தாழப் பதினைந்து கிராம். அது முழுவதும் ஆவியாகுமாயின், கொதிநிலையில் ஏறத்தாழ இருபத்தைந்து லீற்றர் இடத்தை நிரப்பும். வான்கோழி பொரிக்கும் பானையின் கொள்ளளவு பெரும்பாலும் இருபத்தெட்டு லீற்றர். ஆகவே, ஒரேயொரு மேசைக்கரண்டி நீர் அப்பானையை ஏறத்தாழ முழுவதும் நிரப்பப் போதுமான ஆவியைத் தரவல்லது. உறைந்த பறவையின் வயிற்றறையிலே கிடப்பது ஒரு கரண்டியன்று. சில வேளைகளில் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பனிக்கட்டி கிடக்கும்.

இனி, எண்ணெய் நீரிலும் அடர்த்தி குறைந்தது. எனவே எண்ணெயில் விழுந்த நீர் மேலே மிதவாது, அடியில் இறங்கும். நூறு பாகையிற் கொதிக்கும் நீர், நூற்றெழுபத்தேழு பாகை எண்ணெயின் அடியிற் சிக்கினால் என்னாகும்? அங்கேயே ஆவியாகித் தனக்கு மேலுள்ள எண்ணெய் முழுவதையும் தூக்கி எறியும். அவ்வாறு எழுந்த எண்ணெய் நுரையாகவும் துளியாகவும் சிதறுகின்றது. துளியாகச் சிதறிய எண்ணெய்க்குக் காற்றுப் படும் பரப்பு மிகுதி. அதனாற் பானையில் அமைதியாகக் கிடந்தபோது பற்றாத எண்ணெய், தீயின்மேல் வழிந்தவுடன் பற்றிக்கொள்கின்றது. எரியும் எண்ணெயிலே நீரை ஊற்றலாகாது என்பதற்கும் இதுவே காரணம். நெருப்பை அணைக்க வந்த நீர், நெருப்பை வீடெங்கும் வீசிவிடும்.

அங்ஙனமாயின் நாம் வடை சுடும்போது ஏன் இவ்வாறு நிகழ்வதில்லை என ஒரு மாணவி எம்மிடம் கேட்டாள். நல்ல வினா. வடை மாவிலும் நீர் உண்டு. அந்நீர் ஓரிடத்தில் திரண்டு கிடப்பதில்லை. மாவெங்கும் பரந்து கிடக்கின்றது. ஆகவே சிறிது சிறிதாக ஆவியாகிக் குமிழியாய் வெளியேறுகின்றது. வடையைச் சூழ்ந்து எழும் நுரை, எண்ணெயின் கொதிப்பன்று. மாவின் ஈரம் வெளியேறும் அடையாளமே அது. நுரை அடங்கினால் வடை வெந்துவிட்டதென நம் அன்னையர் அறிவதும் இதனாலேயே. ஆயினும் கழுவிய வடிகரண்டியைத் துடையாது தாச்சியிலிட்டால் அதே எண்ணெய் சீறும். வடமராட்சியில் சீறுவதற்கும் ஹூஸ்ரனில் வெடிப்பதற்கும் நியாயம் ஒன்றே. வேறுபாடு நீரின் அளவில் மட்டும் உள்ளது.

மறு ஆண்டு, 2023இல், அதே அயல்வீட்டு முதியவர் எமது மாணவனை அழைத்து, இம்முறை தமது முற்றத்தில், தாம் இளமையிற் கற்ற பக்குவத்தை ஒழுங்காகக் காட்டிக் கொடுத்தார். புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று அதனை ஈண்டுக் குறிக்கின்றோம்.

பறவை 12 இறாத்தலுக்கு மேற்படாதிருத்தல் நன்று. உறைந்த பறவையாயின் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, நான்கு அல்லது ஐந்து இறாத்தலுக்கு ஒரு முழு நாளாகக் கணக்கிட்டு உறைவு நீக்கல் வேண்டும். அதாவது வியாழக்கிழமை விருந்துக்குத் திங்கட்கிழமையே ஆயத்தம் தொடங்கிவிடும். வெளியில் வைத்து உறைவு நீக்குதல் ஆகாது. உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேற்புறத்தில் நோய்க்கிருமிகள் பெருகிவிடும். உறைவு நீங்கியபின் வயிற்றறைக்குட் கைவிட்டுப் பார்த்து, அகமும் புறமும் துணியால் ஒற்றி, ஈரமின்றி உலர்த்தல் வேண்டும்.

எண்ணெயின் அளவைக் கண்ணால் மதித்தலாகாது. பறவையை வெறும் பானையில் வைத்து, அது மூழ்குமளவுக்கு மேல் ஓரங்குலம் நிற்கும்படி நீர் விடுக. பறவையை எடுத்தபின் நீர் நிற்கும் மட்டத்துக்கு அடையாளமிடுக. அவ்வளவே எண்ணெய். ஆக்கிமிடீசு கண்ட உண்மை இவ்விடத்திற் சமையற்காரனாகின்றது. அடையாளத்தின் மேல் பானையில் நிறைய இடம் எஞ்சவேண்டும். ஏனெனில் எண்ணெய் 177 பாகைக்குச் சூடாகும்போது அதன் கனவளவே ஏறத்தாழப் பத்திலொரு பங்கு பெருகிவிடும். பின்னர்ப் பானையை ஒரு துளி நீருமின்றித் துடைத்து உலர்த்துக.

அடுப்பு வைக்குமிடம் வெளிநிலமாயும் சமதரையாயும், வீட்டுக்கும் மரவேலிக்கும் பத்தடிக்கு மேற்பட்ட தூரத்திலும் இருத்தல் வேண்டும். மரத்தாலான மேடையிலோ வாகனக் கொட்டிலிலோ வைத்தல் கூடாது. வெப்பமானி எண்ணெயில் நிற்கவேண்டும். ஒருவர் அதனை விட்டு அகலாது நிற்கவேண்டும். பறவையை இறக்குமுன் தீயை முற்றாக அணைத்துவிடுக. நீண்ட கையுறை அணிந்து, ஒரு நிமிடத்துக்குக் குறையாது, மெல்ல மெல்ல இறக்குக. சீற்றம் அடங்கிய பின்னரே தீயை மறுபடி மூட்டுக. எமது மாணவன் இந்த ஒன்றைச் செய்திருந்தாலும், எண்ணெய் வழிந்திருக்குமேயன்றி எரிந்திராது. நெஞ்சிறைச்சியின் தடித்த இடத்தில் 165 பாகை பரனைற், அஃதாவது 74 பாகை செல்சியஸ் காட்டும்வரை வேகவிடல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் இன்னொன்றையும் கூறுதல் கடன். அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கம், இத்தகைய எண்ணெய்ப் பானைகளை வீடுகளிற் பயன்படுத்துதலே வேண்டாம் என அறிவுறுத்துகின்றது. வேண்டுவோர் பொரித்த பறவையைக் கடையிலேயே வாங்கலாம் என்கின்றது. அந்நாட்டில் வீட்டுச் சமையலால் உண்டாகும் தீவிபத்துக்கள் மிகக் கூடுதலாக நிகழும் நாள் நன்றி நாளே. சாதாரண நாளினும் மும்மடங்குக்கு மேல் அன்று நிகழ்கின்றன என்பதும் அச்சங்கத்தின் கூற்று. எண்ணெயின்றி வெப்பத்தாலேயே வாட்டும் கருவிகளும் இப்பொழுது உள்ளன. எமது மாணவன் இப்போது போறணையையே பயன்படுத்துகிறான். “நெஞ்சிறைச்சி காய்ந்தாற் காயட்டும் சேர்” என்கிறான்.

நம் வீடுகளுக்கும் இரண்டு வார்த்தை. தாச்சியில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து, இறுக மூடத்தக்க உலோக மூடியைப் பக்கவாட்டாகத் தள்ளி மூடுக, ஆறும்வரை திறவற்க, தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடற்க. சுட்ட இடத்திற் பற்பசையும் எண்ணெயும் பூசுதல் நம்மவரிடையே இன்னும் காணப்படுகின்றது. இவை வெப்பத்தை உள்ளே அடைத்துவைப்பனவன்றித் தணிப்பனவல்ல. குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடித்து, தூய துணியால் மூடி, வைத்தியரிடம் செல்லுதலே முறை.

இனி அம்மூதாட்டியின் கதைக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்திலே, ஊர் திரும்பியிருந்த அவரைக் கோவில் வீதியிற் சந்தித்தோம். பேரனைக் காத்த செயலைப் பாராட்டி, “எண்ணெய் வெடிக்குமென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது அம்மா?” என வினவினோம். அவர் கையை விரித்தார்.

“வெடிக்குமெண்டு எனக்கு என்னெண்டு தெரியும் மாஸ்ரர்? நான் பத்து வயதுப் பிள்ளையா இருக்கேக்கை பெரியக்காவின்ரை கலியாணத்துக்கு எங்கடை வீட்டிலை பலகாரச் சூடு. தங்கச்சி தாச்சிக்குக் கிட்டப் போயிட்டாள். ஆரோ கழுவின அகப்பையைத் துடையாமல் எண்ணெய்க்குள்ளை விட்டிட்டினம். அவளின்ரை கழுத்திலை அந்தத் தழும்பு இண்டைக்கும் கிடக்கு. அண்டையிலையிருந்து எண்ணெய் கொதிக்கிற இடத்திலை பிள்ளையளை நான் விடுறதில்லை. அவ்வளவுதான்.”

யாம் சிறிது நேரம் வாய்பேசாது நின்றோம். பலகாரம் சுடும் அறைக்குள் பிள்ளைகள் வரலாகாது, வேற்றார் கண்படலாகாது, ஈரக்கையோடு எவரும் எட்டிப் பார்க்கலாகாது என்று எமது தாயாரும் கூறுவதுண்டு. பட்டதாரியாகிய எமக்கு அவை வெறும் வழக்கமாகத் தோன்றின. காரணங் கேட்டோம்; தாயார் கூறவில்லை; ஆகவே காரணமே இல்லையென்று முடிவு செய்தோம். காரணம் யாரோ ஒருத்தியின் கழுத்தில் இருந்திருக்கக் கூடுமென்று அன்று எமக்குத் தோன்றவில்லை.

ஆயினும், முன்னோர் கூறியவை யாவும் சரியே என்று இங்கு யாம் சாதிக்க வரவில்லை. அம்மூதாட்டி அறிந்த விதி பிள்ளையைக் காத்தது. மருமகனின் கையைக் காக்கவில்லை. உறைந்த பறவையும் ஓர் ஈரக்கையே என்பதை அவ்விதி அவருக்குச் சொல்லவில்லை. காரணம் அறியாத விதி, புதிய நாட்டிலே புதிய உருவத்தோடு ஆபத்து வரும்போது அதனை அடையாளங் காணாது. மாணவன் அறிந்த காரணமோ கரும்பலகையோடு நின்றுவிட்டது. கை எண்ணெய்க்கு அருகே செல்லும் வேளையில் அவனைத் தடுக்கவில்லை. ஒரே வீட்டிற்குள் ஒருவரிடம் விதியும் மற்றவரிடம் காரணமும் இருந்தன. இருவரும் அதுபற்றி ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பின் எமது வகுப்பில் மறைவெப்பப் பாடம் வேறுவிதமாகத் தொடங்குகின்றது. முதல் வினா இதுதான்: “பலகாரச் சூட்டின்போது உங்கள் வீட்டில் எவற்றைச் செய்யக்கூடாது என்பார்கள்? கேட்டு எழுதிவாருங்கள்.” பிள்ளைகள் எழுதிவருகின்றனர். சிலவற்றுக்குக் காரணம் கண்டுபிடிக்கின்றோம். சிலவற்றுக்குக் காரணமில்லையென்றும் காண்கின்றோம். கணக்கு அதன் பின்னரே.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தீபாவளிக்குத் தாச்சி ஏறும்போது பிள்ளையை அப்பால் நிறுத்துங்கள். நிறுத்தியபின், எண்ணெய் ஏன் சீறுகின்றது என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிடின், பௌதிகம் படிக்கும் மூத்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவனுக்கும் தெரியாவிடின், அவனுடைய ஆசிரியரைக் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.